திரிசங்கு வயது

கேள்வி: பத்தாம் வகுப்புத் தேறிய என் மகன், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குத்தான் போவேனென்று ஒற்றைக் காலில் நிற்கிறான். என்ன செய்வது?
— ஒரு தகப்பனார், ஆரம்பாக்கம்.

பதில்: ஒற்றைக் காலில் நிற்பவனுக்கு ஷிப்டு முழுதும் இரண்டு காலில் நிற்பது பிரமாதமான காரியமன்று, ஆயினும், 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு தன் கடமையை முடித்துக்கொள்ள, 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ 18 நிரம்பும்வரை அபாயகரமான தொழில்களின் வாசலை அடைத்து வைத்திருப்பதால், இடைப்பட்ட நான்கு வருஷமும் நம் பிள்ளைகளுக்குத் திரிசங்கு சுவர்க்கமாகவே அமைந்துவிடுகிறது. இந்தச் சமயம் பார்த்து அவனை இரும்புருக்காலைக்குள் அழைத்துச் செல்லும் கான்ட்ராக்டர், பையனின் வயதைக் கூட்டிச் சொல்வாரேயன்றிக் கூலியைக் கூட்டித் தரமாட்டார். அதைவிட, சர்க்கார் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் இரண்டு வருஷம் பயின்றானானால், 1961-ஆம் வருஷத்துச் சட்டப்படி உதவித்தொகையோடு அப்ரண்டிஸாக அதே தொழிற்சாலைக்குள் கௌரவமாகப் பிரவேசிக்கலாம். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவனாயின், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், ஐ.டி.ஐ.யில் படிக்கும்போதே மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். (பெண்பிள்ளைகளுக்கு 2022 முதலே புதுமைப் பெண் திட்டம் உண்டு, இதில் ஆண்கள்தாம் பிந்தினார்கள்!) ஐ.டி.ஐ. விண்ணப்பத்தை உடனே அனுப்புங்கள், சிப்காட் எங்கும் ஓடிப்போய்விடாது.