அன்னைக்கே சொன்ன அண்ணாச்சி

அண்ணாச்சியின் "அன்னைக்கே சொன்னேம்லா"வில் வரும் அந்த அன்னைக்கு எந்தத் தேதி என்பதை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. ஐபிஎல் ஏலம் நடக்கும் நாளாக அது இருக்க முடியாது. அன்று அவர் டீயை ஆற்றிக்கொண்டே "பார்ப்போம், பார்ப்போம்" என்பதோடு வாயை மூடிக்கொள்வார். கோப்பை யாருக்கு என்று தெரிந்த மறுநாள் காலையில்தான் 'அன்னைக்கு' பிறக்கிறது. பிறந்த கையோடு பல மாதம் பின்னால் ஓடிப்போய் ஏல மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, அப்போதிருந்தே அங்கே இருந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்கிறது. கோவில்பட்டியில் எந்த டீக்கடை பெஞ்சிலும் இவர் கிடைப்பார். சென்னை அணியான சிஎஸ்கே யாரை என்ன விலைக்கு எடுத்தது என்பதைப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் பிசகாமல் சொல்வார். அந்த ஞாபகசக்தியை மெச்சத்தான் வேண்டும். தகராறு தீர்ப்பில்தான்.

2022 டிசம்பர் 23, கொச்சி ஏலத்தை எடுத்துக்கொள்வோம். பென் ஸ்டோக்ஸை 16.25 கோடிக்கும், அஜிங்கிய ரஹானேவை 50 லட்சத்துக்கும் சென்னை வாங்கியது. ஸ்டோக்ஸ் இரண்டே ஆட்டம் ஆடி 15 ரன் எடுத்தார். ரஹானே 326 ரன் குவித்தார். ஸ்டோக்ஸுக்கு அண்ணாச்சி தீர்ப்பு: "அன்னைக்கே சொன்னேம்லா, தண்டம்னு." ரஹானேவுக்கு: "அன்னைக்கே சொன்னேம்லா, தங்கம்னு." இருவரையும் வாங்கியது ஒரே நாள், ஒரே மேசை, அதே ஆட்கள். காலையில் மூளை இருந்து மத்தியானம் கழன்றுபோனதா என்ன? ஏலத்துக்கு முந்தைய மாதம்தான் டி20 உலகக் கோப்பை இறுதியில் ஆட்டமிழக்காமல் 52 அடித்து இங்கிலாந்தை ஜெயிக்க வைத்திருந்தார் ஸ்டோக்ஸ். ரஹானேவோ கொல்கத்தா கழற்றிவிட்ட ஆள். அன்றைக்கு அண்ணாச்சி கையில் ஏலப் பலகையைக் கொடுத்திருந்தால் யாருக்காகத் தூக்கியிருப்பார் என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. அவர் தீர்ப்புச் சொல்வது முடிவெடுத்தவர்களின் புத்தியைப் பற்றி அல்ல, அதற்கப்புறம் ஸ்டோக்ஸின் காலுக்கு வந்த காயத்தைப் பற்றி.

இது அண்ணாச்சிக்குத் தெரியாத கணக்கும் இல்லை. கரிசல்காட்டில் புரட்டாசியில் மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் உளுந்தும் மக்காச்சோளமும் விதைக்கிறார்கள். ஐப்பசியில் வானம் பொய்த்தால் சம்சாரியை யாரும் மடையன் என்று சொல்வதில்லை. அண்ணாச்சியின் சொந்தப் புஞ்சை கருகினால் "வானம் கைவிட்ருச்சு." சென்னை வாங்கியவன் ஆடாவிட்டால் "மூளையே கிடையாது." கிருஷ்ணப்பா கௌதமை 2021-ல் 9.25 கோடிக்கு வாங்கி ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. கோப்பையை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதுகிறவருக்கு இது சிக்கலான வழக்கு, ஏனென்றால் அந்த வருடம் சென்னைதான் சாம்பியன். அண்ணாச்சி அசரவில்லை: "ராசிக்கு வாங்குனது, தம்பி." விலை அதிகம் என்ற அவர் குறையும் இப்படித்தான். 9.25 கோடி என்பது கௌதமின் எடை அல்ல. எதிர்மேசையில் கை தூக்கிக்கொண்டே இருந்தவர்களின் பிடிவாதம் அது. பக்ரீத்துக்கு முந்தின வாரம் எட்டயபுரம் சந்தையில் ஆட்டு விலை ஏறுவது திடீரென்று ஆட்டுக்குச் சதை போட்டுவிட்டதால் அல்லவே.

விளைவைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பதாம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு விதைப்பு பொய்த்தால் வானத்தைப் பார்க்கலாம். ஒரே விதையை ஒரே காட்டில் திரும்பத் திரும்பப் போட்டுப் பொய்த்தால் சம்சாரியைத்தான் பார்க்க வேண்டும். 2022-ல் தீபக் சாஹருக்கு 14 கோடி கொடுத்து, அவர் அந்தப் பருவம் முழுக்க காயத்தில் படுத்தது துரதிர்ஷ்டம். ஆனால் 38 வயது அஸ்வினை 9.75 கோடிக்கு எடுத்து, 2025-ல் பத்து அணிகளில் பத்தாவதாக வந்ததில் ஒரு பழக்கம் தெரிகிறது: வயசாளிகள் மேல் வைக்கும் நம்பிக்கை. அந்தப் பழக்கத்தை விமர்சிக்க வேண்டிய வருடம் 2018. அன்று 'அப்பாக்கள் படை' என்று ஊரே கேலி செய்த அணியில் 4 கோடிக்கு வாங்கிய வாட்சன் இறுதி ஆட்டத்தில் 117 அடித்தார். அண்ணாச்சி "அனுபவம்லா!" என்று துண்டை உதறினார். அதே அனுபவம் 2025-ல் "கெழட்டுக் கூட்டம்" ஆயிற்று. வயதைக் கணக்கில் எடுப்பவர் இரண்டு வருடத்திலும் எடுக்க வேண்டும்.

2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். 2023 இறுதியில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பை தந்த ஜடேஜாவை அனுப்புவது சரியா என்பது உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம். ஜடேஜாவுக்கு 37 ஆகவிருந்தது, தோனிக்கு அப்புறம் ஸ்டம்புக்குப் பின்னால் ஆள் வேண்டியிருந்தது, இந்தப் பக்கம் இதெல்லாம். அந்தப் பக்கம், போகிறவர் ஒருவர் அல்ல, இரண்டு ஆல்ரவுண்டர்கள். எடை போட எல்லாம் கையில் இருந்த அந்த வாரத்தில்தான் அண்ணாச்சி "பார்ப்போம், பார்ப்போம்" என்றார். இரண்டு தீர்ப்பும் மடித்துச் சட்டைப்பையில் தயார்.

டீக்கடைப் பேச்சுக்கு இவ்வளவு விசாரணையா என்பார்கள். பேசட்டும், பேச்சில்லாமல் டீ இறங்காது. ஒரே ஒரு குறை. கோவில்பட்டி ஹாக்கி ஊர். செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. இங்கே பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் மாரீஸ்வரன் சக்திவேலும் இந்தியாவுக்கே ஆடினார்கள். 2024 அக்டோபரில் ஹாக்கி இந்தியா லீக்குக்கும் ஏலம் நடந்தது. ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்குப் போனார், அந்த ஏலத்தில் அதுதான் உச்ச விலை. தமிழ்நாடு டிராகன்ஸ் நெதர்லாந்தின் யிப் யான்சனை 54 லட்சத்துக்கு எடுத்தது. நம் ஊர் மைதானத்தில் பந்தடித்தவர்களின் பிழைப்பைத் தீர்மானிக்கிற ஏலம் அது. அதைப் பற்றி மட்டும் அண்ணாச்சி அன்னைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை.