கண்ணில் ஒற்றிக்கொள்ளாதீர்

மசாய் மாராவில் சிங்கம் பார்த்துவிட்டு வந்த என் அத்தை மகன் சிங்கத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. கொசுவிரட்டியைப் பற்றித்தான் பேசினான். "போடும்போது முதல்ல லென்ஸ், அப்புறம் களிம்பு. கழட்டும்போது முதல்ல சோப்பு, அப்புறம் கண்ணு. இந்த வரிசை மாறிச்சுன்னா சிங்கம் எதிர்ல வந்து நின்னாலும் தெரியாது" என்றான். ஜீப்பில் உட்கார்ந்தபடியே காட்டைப் பார்த்தவனுக்கு வரிசை காப்பது சுலபம். நான் போகவிருந்தது திருவண்ணாமலை பௌர்ணமி கிரிவலத்துக்கு. இரவு, வெறுங்கால், 14 கிலோமீட்டர். வனவிலங்குக்கும் அங்கே குறைச்சல் இல்லை. குரங்கு, மயில், மலையடிக் காட்டில் புள்ளிமான், அன்னதான வரிசையில் நமக்கு முன்னால் இடம் பிடித்து நிற்கும் மாடு.

மூக்குக்கண்ணாடியே போட்டுக்கொண்டு போகலாமே என்று கேட்பீர்கள். வியர்த்த மூக்கில் கண்ணாடி நிற்காது. குனிந்து விபூதி வாங்கினால் தட்டில் விழும். குரங்கு பயம் வேறு. பிருந்தாவனத்துக் குரங்குகள் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு மேலே ஏறி உட்கார்ந்துவிடும். பழச்சாறுப் பொட்டலம் ஒன்றை வீசினால்தான் பொருள் திரும்பி வரும். நம்மூர்க் குரங்குகள் இன்னும் அந்த வியாபாரத்தில் இறங்கவில்லை, வாழைப்பழத்தோடு திருப்தி அடைகின்றன. ஆனால் கண்ணாடி இல்லாவிட்டால் மலையும் தெரியாது, மனிதரும் தெரியாது என்கிற பவர்காரன் குரங்கின் நல்லெண்ணத்தை நம்பி நடக்க முடியாது.

ஆகவே லென்ஸ். லென்ஸ் என்றால் கொசுவிரட்டியோடு அதற்குள்ள பகையையும் சேர்த்துத்தான் வாங்கியாக வேண்டும். கொசுவிரட்டிகளில் மூத்தவரான டீட், 1944இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. 1957இல்தான் பொதுஜனத்தின் கைக்கு வந்தது. கொசுவை ஓட்டுவதில் கெட்டிக்காரர்தான், ஆனால் பிளாஸ்டிக்கைக் கண்டால் விடமாட்டார். கைக்கடிகாரத்தின் மேல்மூடி, கண்ணாடிச் சட்டம் எல்லாவற்றையும் இளக்கிவிடுவார். நம்மூர்க் களிம்புகளில் இருக்கும் டைஎத்தில் பென்சமைடு அவருக்குப் பங்காளி முறை. நடுவில் ஒரே ஒரு மெத்தில் தொகுதிதான் வித்தியாசம்.

மென்லென்சோ இதற்கு நேர்மாறான சாது. அதைச் செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டோ விக்டர்லே 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டிலேயே செய்தார். பிள்ளைகளின் கட்டுமானப் பொம்மைப் பாகங்களைப் பூட்டி, சைக்கிள் டைனமோவை வைத்துச் சுழற்றி, அதில் வார்த்தெடுத்தார். அவர் கண்ட அந்தப் பொருளில் ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீர்தான். தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும் பொருள், விரலில் என்ன ஒட்டியிருந்தாலும் அதையும் குடித்துக்கொண்டு கண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம் இருக்கும் பெரியம்மா வீட்டில் இதையெல்லாம் விளக்கினேன். "ஒரு கொசுக்கு இத்தினி பஞ்சாயத்தாடா?" என்றாள். அவள் முறை நொச்சி. சாயங்காலம் சட்டியில் நெருப்புத் துண்டு போட்டு, மேலே நொச்சித்தழையும் வேப்பிலையும் போட்டு, வீடு முழுக்கக் காட்டுவாள். கொசு போய்விடும். கொஞ்ச நேரத்தில் நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே தெருவுக்குப் போய்விடுவேன். புகை அடங்கி உள்ளே வந்தபோது என் களிம்பை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மல்லிப்பூ வாசனை பிடித்துவிட்டது. கல்யாண வீட்டில் சந்தனம் பூசுவது போல முழங்கை, கழுத்து, பாதம், உள்ளங்கை என்று தாராளமாகப் பூசிக்கொண்டாள்.

பூச்சி விஷயத்தில் இந்த ஊரின் வரலாறு நம்மைப் போன்றவர்களைக் கூச வைக்கும். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி பதினாறு வயதுப் பையனாக வந்து இறங்கிய ரமணர், ஆயிரங்கால் மண்டபத்தின் கீழே பாதாள லிங்கத்து இருட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கிச் சீழ் வைத்த பிறகும் அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள்தான் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு குருமூர்த்தத்தில் எறும்புத் தொல்லை. அன்பர்கள் ஒரு முக்காலியைப் போட்டு, அதன் கால்களைத் தண்ணீரில் நிறுத்தி, அவரை மேலே உட்கார வைத்தார்கள். சர்க்கரை டப்பாவுக்கு நம் வீட்டுச் சமையலறையில் செய்யும் அதே பாதுகாப்பு. அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். எறும்புகள் சுவர் வழியாக வந்து சேர்ந்தன. இப்படிப்பட்ட ஊரில், சட்டைப் பையில் களிம்பு, லென்ஸ் டப்பா, லென்ஸ் திரவம் என்று ஒரு மருந்துக்கடையையே சுமந்து நடப்பதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

ஆனால் கொசுவும் இல்லை, களிம்பும் இல்லை, உண்மையான ஆபத்து கை. நம் பக்தி முழுவதும் கையிலிருந்து கண்ணுக்குப் போகிற பக்தி. படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவோம். மாலையை, பிரசாதத்தை, தேர் வடத்தை, கீழே விழுந்த நூறு ரூபாயைக்கூட ஒற்றுவோம். தீபாராதனை வந்தால் கேட்கவே வேண்டாம். கண் மருத்துவர் சொல்லும் முதல் விதியோ, கழுவாத கை கண்ணுக்குப் போகக்கூடாது என்பது. இதை நாத்திகம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த ஊரின் தலபுராணமே அதைத்தான் சொல்கிறது. கயிலையில் பார்வதி விளையாட்டாகப் பின்னால் வந்து ஈசனின் கண்களைக் கையால் பொத்தினாள்; உலகங்கள் இருண்டன. அந்தப் பாவம் தீரக் காஞ்சியில் தவம், அது போதாமல் இங்கே வந்தும் தவம், அதன் பிறகுதான் இடப்பாகம் கிடைத்தது. கண்ணில் கை வைத்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையை எந்தக் கண் மருத்துவரும் இன்றுவரை விதிக்கவில்லை.

217 அடி ராஜகோபுரத்தடியில் கிளம்பினோம். வழியில் முதலில் வந்த இந்திர லிங்கத்தில் நான் வெகு சாமர்த்தியமாக நடந்துகொண்டேன். தட்டு வந்ததும் சுடருக்கு மேல் கையை நீட்டி, கண்ணுக்குப் பதிலாக மார்பில் வைத்துக்கொண்டேன். பெரியம்மா பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. எழுபது தாண்டிய மனுஷி வெறுங்காலில் எனக்கு முன்னால் நடந்தாள். கூட்டத்தில் மூச்சுக்காற்றே ஒரு விருந்து அழைப்பு. நாம் விடும் கரியமில வாயுவை மோப்பம் பிடித்துத்தான் கொசு வருகிறது. அன்று லட்சக்கணக்கான அழைப்புகள் என்பதால் எனக்கு வந்த பங்கு குறைவு.

அடுத்தது அக்னி லிங்கம். நெரிசல், கற்பூரப் புகை. தட்டு வந்தது. நான் மறுபடியும் மார்பைத் தொடப் போனதைப் பெரியம்மா இந்தத் தடவை பொறுக்கவில்லை. "சாமி ஜோதிய ஒத்திக்காம இன்னாடா நெஞ்சத் தடவினுகீற?" என்றவள், களிம்பு பூசிய தன் இரண்டு உள்ளங்கைகளையும் சுடரில் காட்டி, பாசத்தோடு என் இரண்டு கண்களிலும் அழுத்தி ஒற்றினாள்.

இடத்தின் பெயர்ப் பொருத்தத்தை நான் அந்த நிலையிலும் கவனித்தேன். வலது கண்தான் பற்றி எரிந்தது. தண்ணீர் தாரையாகக் கொட்ட, தூணைப் பிடித்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்றேன். சுற்றி நின்றவர்கள் வழி விட்டார்கள். ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, "அழு தம்பி, அடக்காத. அருணாசலம் கூப்பிட்டா இப்படித்தான்" என்றார். ஒரு அம்மா தன் குழந்தையைத் தூக்கி என்னைக் காட்டினார். "ஐயா, இது கொசு மருந்து" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெரியவருக்கும் அப்படியொரு மகிழ்ச்சி அடிக்கடி கிடைக்குமா என்ன?

எரிகிற கண்ணில் லென்சை விட்டுவைக்கக் கூடாது. கழற்றவோ சுத்தமான கை வேண்டும். எச்சில், தீர்த்தம், குழாய்த் தண்ணீர் எதுவும் லென்சில் படக்கூடாது. தண்ணீரில் இருக்கும் அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் லென்ஸ் வழியாகக் கருவிழிக்குள் புகுந்தால் பார்வைக்கே மோசம். சாலையோர டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவும் சோப்பைக் கொடுத்தார். முழங்கை வரை தேய்த்துக் கழுவி, கையை உலர வைக்க இரண்டு கைகளையும் வானத்தை நோக்கித் தூக்கிக்கொண்டு நின்றேன். எதிரே மலை. பாதையில் போன சிலர் என்னைப் பார்த்துத் தாங்களும் கை தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வலது லென்ஸ் டப்பாவுக்குள் போனது. இடது கண் தப்பித்துவிட்டதால் அதில் லென்ஸ் இருந்தபடியே இருந்தது. மீதி வழி முழுவதும் இடப்பாகம் தெளிவு, வலப்பாகம் மாயை. கிரிவலத்தில் மலை எப்போதும் வலது பக்கம்தான். அந்தப் பக்கம் எனக்கு ஒரு பெரிய கறுப்பு மட்டும் கூடவே வந்தது. இடது பக்கத்துக் கடைகளோ விலைச்சீட்டு உட்படத் தெரிந்தன. குபேர லிங்கத்தைத் தாண்டி இடுக்குப் பிள்ளையார் கோயிலில் ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்து நுழையும்போது மட்டும், இரண்டு கண்ணும் இருந்தாலும் அங்கே பிரயோசனம் இல்லை என்று ஆறுதல் வந்தது.

ஈசான்ய லிங்கத்தருகே உட்கார்ந்தபோது பெரியம்மா என் டப்பாவை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இதான் லென்சா? எனக்குங்கூட வச்சாங்களே, பொற ஆப்ரேசன்ல."

"அது கண்ணுக்குள்ளயே வைக்கறது பெரிம்மா."

உண்மைதான். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992இல் அந்த லென்சை இங்கேயே செய்யத் தொடங்கிய பிறகுதான், வெளிநாட்டு விலை இறங்கி, ஏழைபாழைகளின் கண் வரைக்கும் அது வந்தது.

"கழட்டணுமா? கழுவணுமா?"

"வேணாம்."

"அப்ப நீயும் உள்ளாற வச்சிக்க வேண்டிதானே" என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்தக் களிம்ப மட்டும் எங்கிட்ட குட்த்துட்டுப் போ. ஒரு கொசுகூடக் கடிக்கலடா."