மாமா, அதை ஷோகேஸிலிருந்து இறக்குங்கள்

ரான்ஸ், பிரான்ஸ்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தை அனுப்பிய போட்டோ பார்த்தேன். புது ஷோகேஸ் பிரமாதம். மேல்தட்டில் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, பக்கத்தில் சின்னவள் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பை, தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து வாங்கிய மெடல், நடுநாயகமாக நான் கொண்டுவந்து கொடுத்த ஷாம்பெயின். அதன் தலைக்கு நேர்மேலே ஒரு டியூப் லைட். கழுத்தில் சந்தனப் பொட்டு. ஆயுத பூஜையன்று ஃபிரிட்ஜுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வைத்தது போக மிச்சமிருந்ததாம். சின்னவள் கல்யாணத்தன்றுதான் திறப்பேன் என்று நீங்கள் சபதம் போட்டிருப்பதாகவும் அத்தை சொன்னார். சின்னவள் இப்போதுதான் பத்தாம் வகுப்பு.

பொட்டு இருக்கட்டும். மற்ற எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், மாமா.

இவன் என்ன பெரிய குடிகார நிபுணனா என்று கேட்காதீர்கள். ஷாம்பெயின் கம்பெனியில் நான் பார்த்துக்கொள்வது லேபிள் ஒட்டும் மெஷின். கண்ணெதிரே பாட்டில் வரிசையாகப் போகும். தாகம் எடுத்தால் தண்ணீர்தான். ஆனால் இந்த ஊரில் நாலு பேர் கூடினால் மழை பற்றிப் பேசி முடித்ததும் அடுத்த பேச்சு பாட்டிலை எங்கே வைத்திருக்கிறாய் என்பதுதான். காதில் விழுந்தே பாதி படிப்பு முடிந்துவிட்டது.

ரான்ஸுக்கு அடியில் இன்னொரு ரான்ஸ் இருக்கிறது. கட்டடம் கட்டக் கல் வேண்டுமென்று பழங்காலத்தில் சுண்ணப்பாறையைத் தோண்டிய குழிகள், சில இடங்களில் 30 மீட்டர் ஆழம். பிறகு வந்த ஷாம்பெயின்காரர்கள் அவற்றைச் சுரங்கப் பாதைகளால் கோத்து நிலவறைகளாக்கிக்கொண்டார்கள். 2015-இல் யுனெஸ்கோகூட உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது. மேலே வெயில் கொளுத்தினாலும் பனி கொட்டினாலும் கீழே 10 முதல் 12 டிகிரிதான். இருட்டு, ஈரம், துளி அசைவு கிடையாது. முதல் உலகப் போரில் ஊர்மேல் குண்டு விழுந்தபோது சனங்கள் இங்கேதான் இறங்கிக் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடமே கீழே நடந்தது. பக்கத்தில் அத்தனை பாட்டில்களை வைத்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த வாத்தியார்களின் மனவுறுதியை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது.

வீட்டில் ஷாம்பெயின் வைப்பது என்றால் அந்த நிலவறையில் ஒரு முழம் வெட்டி வீட்டுக்குள் கொண்டுவருவதுதான். இங்கே பழைய கட்டடங்களில் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தரைக்கடியில் ஓர் அறை உண்டு, ‘காவ்’ என்பார்கள். பலகைக் கதவு, அதில் ஒரு நம்பர், ஒரு பூட்டு. உள்ளே பழைய சைக்கிள், குழந்தைத் தொட்டில், விட்டுப்போன புருஷனின் புத்தகப் பெட்டி, அதற்கும் பின்னால் பாட்டில்கள். நடைபாதை விளக்கு கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். எனவே நல்ல பாட்டிலைத் தேடி இறங்குகிறவர் பெரும்பாலும் கைக்கு அகப்பட்டதோடுதான் மேலே வருவார்.

எங்கள் காவ் வழியாகக் கட்டடத்தின் வெந்நீர்க் குழாய் போகிறது. வீடு பார்க்க வந்த அன்று உங்கள் மருமகள் அங்கே நின்று “கதகதப்பா இருக்கே!” என்று சந்தோஷப்பட்டாள். கூட வந்த கீழ்வீட்டு மதாமின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. துக்கம் விசாரிக்கும் குரலில் என் கையைப் பிடித்து, தன் காவில் ஒரு தட்டை எனக்கு ஒதுக்கித் தருவதாகச் சொன்னார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் உறவு அதுதான்.

காவ் இல்லாத புதுக் கட்டடங்களில் இருப்பவர்கள் செய்கிற கூத்து தனி. மாடிப்படிக்கு அடியில், துணி அலமாரியின் அடித்தட்டில், கட்டிலுக்குக் கீழே என்று வீட்டின் மிகக் குளிர்ந்த, மிக இருண்ட மூலையைத் தேடி ஒரு தெர்மாமீட்டரோடு தவழ்கிறார்கள். வசதி உள்ளவர்கள் இதற்கென்றே விற்கும் மின்சார அலமாரி வாங்கிக்கொள்கிறார்கள். எல்லாரும் ஒன்றில் மட்டும் ஒற்றுமை: சமையலறை கூடவே கூடாது. ஃபிரிட்ஜின் தலைமேல் வைப்பது மகா பாவம். அங்கே சூடும் அதிர்வும் சேர்ந்தே இருக்கின்றன. ஃபிரிட்ஜுக்குள் சில நாள் வைக்கலாம், மாதக்கணக்கில் கூடாது. உள்ளே காற்று காய்ந்தது. தக்கை சுருங்கினால் வாயு நழுவும்.

இப்போது உங்கள் டியூப் லைட்டுக்கு வருகிறேன். ஷாம்பெயினுக்கு முதல் எதிரி வெப்பம், அடுத்தது வெளிச்சம். வெளிச்சம் பட்டால் உள்ளே இருக்கும் கந்தகச் சத்துகள் கலைந்து, வெந்த முட்டைக்கோசு வாடை வந்துவிடும். பச்சைக் கண்ணாடி ஓரளவு தடுக்கும், முழுக்கத் தடுக்காது. நிறமே இல்லாத கண்ணாடி என்றால் கேட்கவே வேண்டாம். லூயி ரோடரேர் கம்பெனி 1876-இல் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டருக்காக ‘கிறிஸ்டல்’ என்று ஒன்று செய்தது. இருண்ட பாட்டிலுக்குள் எவனாவது குண்டு வைத்துவிடுவான் என்று அவருக்குப் பயம்; அதனால்தான் பளிங்கு மாதிரித் தெரிகிற பாட்டில் கேட்டார் என்று கதை. கடைசியில் 1881-இல் குண்டு தெருவில் வந்தது. பாட்டில் மட்டும் இன்றைக்கும் அதே நிறமில்லாக் கண்ணாடியில்தான் வருகிறது. வெளிச்சத்துக்குப் பயந்து மஞ்சள் செல்லோபேன் சட்டை போட்டுக்கொண்டு. சக்கரவர்த்தி வீட்டுப் பாட்டிலுக்கே அந்தக் கதி என்றால் நம் வீட்டு ஷோகேஸ் எம்மாத்திரம்?

வெப்பம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரி மே மாதத்தைப் பார்த்தவர் நீங்கள். பாட்டிலுக்குள் ஏற்கெனவே வெளிக் காற்றழுத்தத்தைப் போல ஆறு மடங்கு அழுத்தம். சூட்டில் அது இன்னும் ஏறும். வெடித்துவிடுமோ என்று அத்தை பயப்பட வேண்டாம். 750 மில்லி சரக்கைத் தாங்க 835 கிராம் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். 2010-க்கு முன் 900 கிராம். விமானத்தில் என் பெட்டி எடை கூடிப்போய் அத்தைக்கு வாங்கிய கம்பளியை நான் உடம்பில் சுற்றிக்கொண்டு வந்ததற்கு அந்தக் கண்ணாடிதான் காரணம். பாட்டில் உடையாது, ஆனால் உள்ளே இருப்பது அவசர அவசரமாகக் கிழடாகும். பகலில் 38 டிகிரி, ராத்திரி ஏசி போட்டால் 24, மறுபடி 38 என்று ஏறி இறங்குவது அதைவிட மோசம்.

படுக்க வைப்பதா, நிற்க வைப்பதா? இந்தக் கேள்வியை இந்த ஊரில் விருந்து நடுவே கேட்டுவிடாதீர்கள், சாப்பாடு ஆறிவிடும். சாதா வைன் என்றால் தக்கை நனைய வேண்டும், எனவே படுக்கவேண்டும். ஷாம்பெயினில் கழுத்துக்குள்ளேயே ஈரமும் வாயுவும் நிறைந்திருப்பதால் நின்றாலும் தக்கை சட்டென்று காயாது. சில வாரம் தாராளமாக நிற்கலாம். வருடக்கணக்கு என்றால் படுக்க வைப்பதுதான் வழக்கம். கீழ்வீட்டு மதாம் படுக்கைக் கட்சி, அவர் புருஷன் நிற்கிற கட்சி. ஒரே காவில் இரண்டு விதமாகவும் வைத்திருக்கிறார்கள், கல்யாணம் நிலைத்திருக்கிறது.

இதையெல்லாம் மிஞ்சின பாதுகாப்புப் பெட்டகம் ஒன்று உண்டு: பால்டிக் கடல். 2010-இல் பின்லாந்தின் ஆலண்ட் தீவுகள் அருகே மூழ்கிப்போன ஒரு கப்பலில், சுமார் 50 மீட்டர் ஆழத்தில், 168 ஷாம்பெயின் பாட்டில் கிடைத்தது. சுமார் 170 வருடப் பழசு. சில்லிட்ட தண்ணீர், கும்மிருட்டு. ஆராய்ச்சிக்காரர்கள் திறந்தபோது முதலில் நனைந்த மயிர் வாடையும் பாலாடைக்கட்டி வாடையும் அடித்ததாம். கோப்பையில் சுழற்றிச் சுழற்றிக் காற்றுப் பட்டபின் பூவும் பழமும் புகையும் மணத்தனவாம். அதில் கிடைத்த தைரியத்தில் வெவ் கிளிக்கோ கம்பெனி 2014-இல் அதே கடலுக்கடியில் தானே பாட்டில்களை இறக்கி வைத்தது. நம் கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று யோசனை போகவேண்டாம் மாமா. வங்காள விரிகுடா வெதுவெதுப்பு. மீன்காரர் வலையில் சிக்கினால் திரும்பியும் வராது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்த விஷயம் வேறு. உங்கள் பாட்டிலுக்கு இனிமேல் வைத்திருக்கும் அவசியமே இல்லை. அத்தையின் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி மாதிரி வைக்க வைக்க ருசி ஏறும் என்று நினைக்கிறீர்கள். லேபிளைப் பாருங்கள், நான் ஒட்டியதுதான்: வருடம் போட்டிருக்கிறதா? இல்லை. வருடம் போடாத ஷாம்பெயினைக் கம்பெனி குறைந்தது 15 மாதம் தன் நிலவறையில் வைத்திருந்துதான் வெளியே விடவேண்டும்; அது சட்டம். வருடம் போட்டதென்றால் 3 ஆண்டு. காத்திருக்கவேண்டிய காலத்தை அவர்கள் காத்திருந்துவிட்டார்கள். வருடம் போடாததை நல்ல காவில் வைத்தாலே மூன்று நாலு வருடத்துக்குள் குடித்துவிடுவது புத்தி. சின்னவள் படித்து, வேலைக்குப் போய், மாப்பிள்ளையை நீங்கள் வேண்டாம் என்று சொல்லி, பிறகு சரி என்று சொல்வதற்குள் உள்ளே குமிழ் ஒன்றும் மிச்சமிருக்காது.

எனவே இன்றைக்கே இறக்கி, செய்தித்தாளில் சுற்றி, தாத்தா காலத்துத் தடித்த சுவர் உள்ளறையில், தரையோடு தரையாக, இருட்டில் படுக்க வையுங்கள். யாருக்கும் காட்டாதீர்கள். அத்தை ஷோகேஸில் காலியிடம் தெரிகிறது என்பார். என் கல்யாணப் போட்டோவை வைக்கச் சொல்லுங்கள். பொங்கலுக்குப் பெரியவன் வருகிறானே, அன்றைக்குத் திறந்துவிடுங்கள். நாலு மணி நேரம் முன்னால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், அல்லது பாதி ஐஸ் பாதி தண்ணீர் வாளியில் அரை மணி. ஃப்ரீஸர் வேண்டவே வேண்டாம். தக்கையைக் கட்டியிருக்கும் கம்பியை ஆறு அரைச்சுற்று திருப்பினால் கழலும். தக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். ஃபேனைக் குறிபார்த்துச் சுடுவது சினிமாவில்.

மிச்சம் வைத்தால் கழுத்தில் வெள்ளி ஸ்பூன் தொங்கவிட்டால் குமிழ் போகாது என்று இங்கே பாதிப் பேர் சத்தியம் செய்வார்கள். சோதித்துப் பார்த்தவர்கள் ஸ்பூனால் ஒரு பயனும் இல்லை என்றுவிட்டார்கள். கவ்விப் பிடிக்கும் மூடி ஒன்று தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். அதைப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளுக்குத் தாங்கும். உங்களிடம் மறுநாள் வரை இருக்குமா என்பது வேறு விஷயம்.

ஒரே ஓர் உதவி. தக்கையின் உச்சியில், கம்பிக்கு அடியில், ரூபாய் நாணயம் அளவு ஒரு தகரத் தகடு இருக்கும். கீழ்வீட்டு மதாமின் புருஷன் அவற்றைச் சேர்க்கிறவர். சுவர் முழுக்க ஆல்பம். உங்களிடம் இருப்பது ஊழியர்களுக்கு மட்டும் கொடுத்த பாட்டில் என்பதால் அதன் தகட்டு நிறம் கடைகளில் வராது. படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் உடல்நலத்தை அவர் விசாரிப்பது அதற்காகத்தான். திறந்த உடனே அதைக் கவரில் போட்டுத் தபாலில் சேர்த்துவிடுங்கள், அத்தை கொலுவில் செட்டியார் பொம்மைக்குத் தாம்பாளமாக வைத்துவிடுவதற்கு முன்னால்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்