மிதமான பட்ஜெட்டில் மின்சிகரெட்

மின்சிகரெட் என்பது மின்கலம், சூடேறும் கம்பிச்சுருள், பஞ்சுத்திரி, திரவம் ஆகிய நான்கும் ஒரே குழாய்க்குள் கூட்டுக் குடித்தனம் நடத்தும் கருவி. வாயில் வைத்து இழுத்ததும் உள்ளே இருக்கும் சிறு உணரி மின்கலத்தை எழுப்பும். கம்பிச்சுருள் சூடாகும். திரி குடித்து வைத்திருக்கும் திரவம் ஆவியாகும். நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, கடைசி இழுப்பில் விரல் சுடுவதும் இல்லை. திரவத்தில் இருப்பவை புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், கொஞ்சம் வாசனை. வெளியே வருவதைப் புகை என்று சொன்னால் விற்பவர்களுக்குப் பிடிக்காது; ஆவி என்பார்கள். தமிழில் ஆவி என்றால் இட்லிப் பானையிலிருந்து வருவது, அல்லது புளியமரத்தில் குடியிருப்பது. மூன்றாவது பொருள் அண்மையில்தான் சேர்ந்திருக்கிறது.

இந்தத் தத்துவம் கட்டுரையாளரின் புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் புதிதல்ல. ராத்திரியானால் பிளக்கில் செருகும் கொசு மருந்து மிஷினும் இதே ஜாதிதான்: ஒரு குப்பி, ஒரு திரி, திரியைச் சுற்றி ஒரு சூடு. கட்டுரையாளரின் வீட்டு பீரோவில் செத்துப்போன மின்சிகரெட் ஒன்று கிடக்கிறது. மலேசியாவிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் 2017இல் விட்டுவிட்டுப் போனது. கறுப்பு நிறம், ஆள்காட்டி விரல் நீளம், நுனியில் சப்பையான வாய். வீட்டு அப்பத்தா அதை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, நாயனக்காரரு சீவாளியா?" என்றார். அது வேலை செய்யும் விதம் அவருக்கு விளக்கப்பட்டது. "கொசு மருந்து மிஷினுன்னு சொல்லு. அதை எதுக்கு வாயில வைக்கிறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று வீட்டில் இருந்த இரண்டு பட்டதாரிகளிடமும் விடை இல்லை.

கருவியின் வரலாறு சுருக்கமானது. அமெரிக்கரான ஹெர்பர்ட் கில்பர்ட் 1963இல் புகையில்லாச் சிகரெட் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு, 1965இல் பெற்றார். வாங்க ஆளில்லை. சிகரெட்டே சீந்துவாரின்றிப் போகாத காலம் அது. பிறகு சீன மருந்தாளுநரான ஹான் லிக் 2003இல் இன்று புழங்கும் வகைக்கு வழிபோட்டார். அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். ஹான் லிக்கும் கடும் புகைப்பிடிப்பாளர். புகையை விடுவதற்காகப் பிறந்த கருவி, பதினைந்து ஆண்டுகளுக்குள் புகையைத் தொட்டே பார்க்காத பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பைக்குள் பென்டிரைவ் வேடத்தில் போய் உட்கார்ந்தது.

வகைகள் மூன்று. தீர்ந்ததும் தூக்கியெறிவது ஒன்று. பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் இதன் விற்பனையை நிறுத்திவிட்டது, காரணம் குப்பை. திரவக் குப்பியை மட்டும் மாற்றுவது இரண்டாவது. மூன்றாவது, கைக்கு அடங்காத பெட்டி. அதற்கு வாட் பார்க்க வேண்டும், ஓம் பார்க்க வேண்டும், சுருளைக் கழற்றிப் பஞ்சு மாற்ற வேண்டும். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தவருக்கு மூன்றாவது பொருந்தும், படிக்காதவருக்கு முதலிரண்டு.

வாசனை ஒரு தனிச் சாகரம். மாம்பழம், தர்ப்பூசணி, புதினா, ஐஸ் போட்ட திராட்சை என்று நீளும். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கத்து ஆளிடம் பலாப்பழ வாசனையைக் குழாயில் அடைத்து விற்க முயல்வது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். சீசனில் அங்கே சாலையோரம் பலா மலையாகக் குவிந்து கிடக்கும். இழுத்தால் வாசனை இலவசம், இழுக்காவிட்டாலும் வரும்.

நிக்கோட்டின் அளவு குப்பி மேல் சதவீதமாக அச்சிட்டிருக்கும். 5 சதவீதம் என்றால் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியம் 20 மில்லிகிராமுக்கு மேல் விடுவதில்லை. ஒரு சாதாரண சிகரெட்டிலிருந்து உடம்பில் சேரும் நிக்கோட்டின் ஒன்று, ஒன்றரை மில்லிகிராம் அளவில்தான். சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு: எரிந்து தீர்ந்ததும் ஆள் எழுந்து வேலையைப் பார்க்கப் போவார். மின்சிகரெட்டுக்குக் குச்சிக் கணக்கு கிடையாது. இழுத்துக்கொண்டே இருக்கலாம். 'ஐந்து' என்பது சின்ன எண்ணாகத் தெரிவதால், வட்டிக்குக் கடன் வாங்கியவர்கள் தவிர மற்றவர்கள் இதில் ஏமாறுகிறார்கள்.

இனி பட்ஜெட். மிதமான பட்ஜெட் என்பதை இங்கே 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டீக்கடையில் தினம் நாலு சிகரெட் பிடித்து, விட வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் முடிவெடுக்கும் நகரவாசி ஒருவர், கட்டுரையாளரின் மச்சான் முறை, சொன்ன தொகை இது. கருவிக்கு மட்டும் என்றால் வெளிநாட்டுக் கடையில் இது தாராளம். ஆனால் வீடு கட்டுகிறவர் செங்கல்லுக்கு மட்டும் கணக்குப் போடுவதில்லை. கருவி தவிர்ந்த செலவுகளையும் சேர்க்க வேண்டும்.

தமிழக அரசு 2018இலேயே மின்சிகரெட்டைத் தடை செய்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டத்தை அறிவித்தது. ஆண்டு முடிவதற்குள் அது நாடாளுமன்றச் சட்டமாகவும் ஆனது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்லல், விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறு தடவைக்கு மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். இருப்பு வைக்க இடம் கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இழுப்பதை மட்டும் அந்தப் பட்டியல் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. உடனே மச்சான் முகம் மலர்ந்தது. விற்க ஆளில்லாமல், கொண்டுவர வழியில்லாமல் உள்ள ஒன்றை இழுக்கலாம் என்பது, மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்துவிட்டார்கள், இனிப் பெண்தான் கிடைக்க வேண்டும் என்பது போன்றது.

இந்தத் தொகைகளை உள்ளூர் நாணயத்தில் பார்ப்பது நலம். தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு இணையும் வரை புதுக்கோட்டைக்குச் சொந்தக் காசு இருந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பார். மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்றிருக்கும். பெயர் அம்மன் காசு. இருபது காசு ஓர் அணா; 320 காசு ஒரு ரூபாய். அந்தக் கணக்கில் மச்சானின் பட்ஜெட் ஒன்பது லட்சத்து அறுபதாயிரம் காசு. கேட்க நிறைவாக இருக்கிறது. முதல் குற்றத்துக்கான அபராத உச்சவரம்பு மூன்று கோடியே இருபது லட்சம் காசு. கேட்க அவ்வளவு நிறைவாக இல்லை.

கொண்டுவரும் வழிக்கு வருவோம். மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு வீட்டில் சிங்கப்பூரோ மலேசியாவோ வளைகுடாவோ உண்டு. எல்லாருக்கும் வாசல் திருச்சி விமான நிலையம்தான். சிங்கப்பூர் 2018 பிப்ரவரி 1 முதல் மின்சிகரெட்டை வைத்திருப்பதையும் பிடிப்பதையுமே குற்றமாக்கிவிட்டது. 2025 செப்டம்பரிலிருந்து பெரியவர் ஒருவர் முதல் முறை சிக்கினால் 700 வெள்ளி. ஆகவே சிங்கப்பூர் வாசல் இரண்டு பக்கமும் பூட்டு. ஐக்கிய அரபு அமீரகம், நேர்மாறாக, இந்தியா தடை போட்ட அதே 2019இல்தான் விற்பனைக்கு அனுமதி கொடுத்தது. மச்சான் துபாயில் இருக்கும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, வரும்போது அது ஒண்ணு எடுத்துட்டு வாங்க. காசு குடுத்துர்றேன்."

"மச்சான், கோடாலித் தைலம் கேளுங்க, பேரீச்சம்பழம் கேளுங்க, போர்வை கேளுங்க. கஸ்டம்ஸ்ல என் பெட்டியத் தொறந்து வச்சுக்கிட்டு நான் நிக்கணும், நீங்க வீட்ல உக்காந்து ஊதணுமா?"

போர்வை வந்தது. ஏப்ரலில்.

இனி உடம்பு. சிகரெட் எரிவதால் உண்டாகும் தார் இதில் இல்லை. அந்த அளவில் சிகரெட்டைவிடக் குறைந்த கேடு என்று பிரிட்டனின் சுகாதாரத் துறையினர் சொல்வதுண்டு. குறைந்த கேடு என்பது கேடில்லை என்பதல்ல. நிக்கோட்டின் அடிமைத்தனம் அப்படியே இருக்கிறது. 2019இல் அமெரிக்காவில் மின்சிகரெட் பிடித்தவர்களிடையே நுரையீரல் பாதிப்பு திடீரெனப் பரவி, 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டனர்; 68 பேர் இறந்தனர். பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளச் சந்தைத் திரவத்தில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது. தடை உள்ள ஊரில் கள்ளச் சந்தை தவிர வேறு சந்தை கிடையாது. திரவத்தில் என்ன இருக்கிறது என்று அங்கே யாரைக் கேட்பது?

சட்டப்படி கிடைக்கும் மாற்று நிக்கோட்டின் சூயிங்கம். 2 மில்லிகிராம் வகை மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும். சாதாரண சூயிங்கம் போல் மெல்லக் கூடாது. நாலைந்து தடவை மென்று, சுருக்கென்று காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். காரம் இறங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அட்டையில் பொடி எழுத்தில் இருந்த இந்த முறையை மச்சான் மூக்குக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். திண்ணையில் இருந்த அப்பத்தா, இடது கன்னத்தில் வெற்றிலையும் போயிலையும் ஒதுங்கியிருக்க, ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வருஷப் பயிற்சி உள்ளவருக்கு அட்டை தேவைப்படவில்லை. புகையிலையை விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற அரசு உதவி எண்ணும் உண்டு. கட்டணம் இல்லை, எந்தப் பட்ஜெட்டுக்கும் அடங்கும்.

இந்த மாவட்டத்தில் புகை விஷயமாக எழுதிவிட்டு விராலிமலையை விட்டுவிட முடியாது. திருச்சி–மதுரை சாலையில் மயில்களுக்குப் பேர்போன அந்தக் குன்றின் மேல் ஆறுமுகனுக்குச் சுருட்டு நைவேத்தியம் உண்டு. கருப்பமுத்துப் பிள்ளை என்ற பக்தர் ஒருவர் மலைக்கு வரும் வழியில் மழையிலும் காற்றிலும் சிக்கி, ஆற்றைக் கடக்க முடியாமல் குளிரில் நடுங்கினாராம். முன்பின் தெரியாத ஒருவர் சுருட்டுக் கொடுத்துக் குளிர் தீர்த்துக் கரை சேர்த்தார். கோயிலுக்குப் போன பிறகுதான் அது முருகன் என்று தெரிந்தது என்பது தலத்துக் கதை. கோயிலில் சுருட்டா என்று புதுக்கோட்டை மகாராஜா ஒருவர் நிறுத்தச் சொன்னதாகவும், முருகன் அவர் கனவில் வந்து பேசிய பிறகு உத்தரவு திரும்பப் பெறப்பட்டதாகவும் சொல்வார்கள். தடையை எதிர்த்து மேல்முறையீடு செய்து வென்ற ஒரே புகைப்பிரியர் அவர்தான். 2018இல் தமிழகத்தில் மின்சிகரெட் தடை வந்தபோது சுகாதாரத் துறை அமைச்சராக இருந்த சி. விஜயபாஸ்கர் அப்போது இதே விராலிமலைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அந்த உத்தரவுக்காக யார் கனவிலும் யாரும் வந்ததாகத் தகவல் இல்லை.

கடைசியாக, அப்புறப்படுத்துதல். 2019 சட்டப்படி, அப்போது இருப்பு வைத்திருந்தவர்கள் தாமாக முன்வந்து அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பீரோவில் கிடக்கும் ஒற்றைப் பிணம் 'இருப்பு' ஆகுமா என்பதில் கட்டுரையாளரின் வீட்டில் இருவேறு கருத்துகள் நிலவின. குப்பைத் தொட்டியில் போடவும் முடியாது; உள்ளே லித்தியம் மின்கலம் இருக்கிறது, நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம் சேர்த்துவிடுவது என்று முடிவாகி, எடுக்கப் போனால் பீரோவில் இல்லை. அப்பத்தாவின் தையல் டப்பாவில் இருந்தது. அதன் மேல் கறுப்பு நூல் பத்துச் சுற்று. நூலுக்குள் செருகிய ஊசி.