பொறுமைக் கடலுக்கு ஒரு புகழ்மாலை

இலஞ்சம் அல்லது ஊழல் பற்றிய சார்த்துதல்களைப் புலனாய்வு செய்வதற்கான ஆணைக்குழு என்னும் திருநாமம் தாங்கி, கொழும்பு 07, மலலசேகர மாவத்தையிலே எழுந்தருளியிருக்கும் பெருந்தகையீர்! திருகோணமலை அன்புவழிபுரத்துச் சிறுகுடியானவன் தெண்டனிட்டு எழுதிக்கொள்வது. எழுத்து என்றதும் திருவுளம் கலங்க வேண்டாம். முறைப்பாடு அல்ல, வெறும் புகழ்தான்.

தங்கள் அடக்கத்தை என்னவென்பேன்! 1994ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் தங்களை ஈன்றபோதே, எவராவது வந்து முறையிட்டாலன்றி எவரையும் விசாரிப்பதில்லை என்ற மேலான விரதத்தையும் கூடவே அருளியது. கந்தோர் மேசையின் லாச்சி பட்டப்பகலில் திறந்து மூடுவதை ஊரே பார்த்தாலும், ஒருவர் எழுதித்தரும் வரை அதைக் காணாதிருப்பது முனிவர்க்கும் வாய்க்காத தவம். பழைய ஆணையாளர்கள் போய், புதியவர்கள் நியமிக்கப்படாமல் 2010க்குப் பின் மாதக்கணக்கில் ஆசனங்கள் வெறுமையாய் இருந்தனவே, அதுவல்லவோ அத்தவத்தின் சித்தி! அக்காலத்தில் தங்களால் ஒரு நிரபராதிக்கேனும் தீங்கு நேர்ந்ததுண்டா?

சொத்து விவரம் வெளிப்படுத்தும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கருணையைப் பாடவும் நாவொன்று போதாது. விவரம் தராத உத்தமருக்குத் தண்டம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்படாதிருந்தது. சிறையும் உண்டென்று எழுதிவைத்தார்கள், சபைக்கு அழகாக. காசு கட்டிப் பிரதி பெற்றவர் அதிலுள்ளதை ஊருக்குச் சொன்னாலோ, அதுவும் குற்றமாயிருந்தது. பாண் விலை எத்தனை தரம் ஏறினாலும், 48 ஆண்டுகள் அந்த ஆயிரம் ஆயிரமாகவே நின்றது. இந்நாட்டில் விலையேறாத பண்டம் வேறொன்றை நான் அறியேன்.

தியாகத்திலும் தங்களுக்கு நிகர் தாங்களே. ஆண்டுக்கணக்கில் விசாரித்துத் தொடுத்த வழக்குகளை, மூன்று ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி முறைப்படி இல்லையென்று கண்டு, 2021 அளவில் ஒன்றன்பின் ஒன்றாகத் தாங்களே மீளப்பெற்றீர்கள். எதிரிகள் பெரும்புள்ளிகள் என்பது தற்செயல். தம் கோவையிலேயே குறை கண்டு தம்மையே தோற்கடித்துக்கொள்ளும் நேர்மை சோழனுக்கும் இருந்ததில்லை. அவன் தேரை ஓட்டிவிட்டல்லவா முடித்தான்!

இவ்வளவு சீரும் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தால் குலைந்துவிடுமோ என்று அடியேன் உறக்கமிழந்தேன். இனித் தாங்களாகவே விசாரணை தொடங்கலாமாம், சொத்து விவரங்களை ஊரார் இணையத்தில் பார்க்கலாமாம். எத்தகைய அநாகரிகம்! ஆனால் தெய்வம் கைவிடவில்லை. 2025இல் அரச நிறுவனந்தோறும் உள்ளக அலுவல்கள் பிரிவு அமைக்கும்படி ஜனாதிபதி செயலகம் சுற்றுநிருபம் அனுப்பியது. அந்தந்த அலுவலகத்தின் ஒழுக்கத்தை அந்தந்த அலுவலகத்து மூத்த அதிகாரியே காப்பார். அவரைவிட அவ்விடத்தை அறிந்தவர் வேறு யார்?

எங்கள் பக்கத்துக் கந்தோர் ஒன்றிலே 1954 என்ற தங்கள் தொலைபேசி இலக்கம் வண்ணத்தாளில் ஒட்டப்பட்டு, அதன் கீழே முறைப்பாட்டுப் பெட்டியும் தொங்குகிறது. காணி அனுமதிப்பத்திரத்துக்கு நெடுங்காலமாய் நடக்கும் நான், பெட்டியின் அழகில் மயங்கி, "திறப்பு ஆரிட்ட தம்பி?" என்று கேட்டேன்.

"எங்கட சேரிட்டத்தான் ஐயா. உங்கட கோவையும் அவரிட்டத்தான் கிடக்கு."