வாய்தா கேக்காத வெந்நி

வாரும்வே மருமவனே. சிகாகோவுல பனிய வாரித் தள்ளிக்கிட்டு இருந்த மனுசன், சீவலப்பேரியில வீடு கட்டி பாத்ரூம் வேலை வரைக்கும் வந்துட்டீரு. ரொம்ப சந்தோசம். டேங்க் இல்லாத கரண்ட் ஹீட்டரு வேணும், 27 கிலோவாட்டுல வேணும், குழாயத் தொறந்த கையோட வெந்நி கொட்டணும், ஒரு நிமிசம்கூட வாய்தா கேக்கப்படாது. இதானே ஓம்ம கோரிக்கை? நான் நாலாங்கிளாசு. எனக்கு என்ன எளவு தெரியும்? சும்மா கெடக்க வாய்க்கு ஒரு சோலி, கேட்டுட்டுப் போரும்.

மொதல்ல ஒரு சந்தேகம். மார்கழி மாசம் வெள்ளன அஞ்சு மணிக்கு நம்ம மாடித் தொட்டித் தண்ணி எம்புட்டுக் குளிரா இருக்கும்ங்கீரு? துவர்த்தைத் தலையில சுத்திக்கிட்டு, ‘ஐயோ, வெறைக்குதே’ன்னு நாம நடுங்குத தண்ணியில தெர்மாமீட்டர விட்டுப் பாத்தா, ஏறக்குறைய 25 டிகிரி காட்டும். மேலுக்கு ஊத்த எதமான சூடு 40. ஆக, ஏத்தவேண்டியது 15 டிகிரி. சிகாகோவுல தை மாசத்துல குழாயில வாரது 5 டிகிரிக்குப் பக்கம். அவன் ஏத்தவேண்டியது 35. குளிரு அவனுக்கு, மெஷினு நமக்கா?

கணக்கு ரொம்பச் சுளுவு. ஒரு லிட்டர் தண்ணிய ஒரு நிமிசத்துல ஒரு டிகிரி ஏத்த 70 வாட்டு வேணும். ஆடித் தள்ளுபடியிலயும் அது 70தான், எந்தக் கம்பெனிக்காரனும் குறைச்சுத் தரமுடியாது. அங்க ஷவரைத் தொறந்தா நிமிசத்துக்கு 8 லிட்டர் கொட்டுதுன்னு வையும். 8-ஐயும் 35-ஐயும் 70-ஐயும் பெருக்கினா 19,600 வாட்டு. ஒருத்தன் குளிக்கையில இன்னொருத்தி அடுக்களையில பாத்திரம் கழுவினா 27 கிலோவாட்டு கேக்கத்தான் செய்யும். அவன் ஒண்ணும் கோட்டிக்காரன் இல்ல. அந்த ஊருக்கு அது சரி. 240 வோல்ட்டுல அது 112 ஆம்பியர் இழுக்கும், அதுக்குத் தக்கன அவன் வீட்டுக்குக் கம்பியும் கனமா வருது.

நம்ம வீட்டுக்கு வாரது சிங்கிள் பேஸு, 230 வோல்ட்டு. நம்ம வீட்டுலயே ராசா பிளக்கு 16 ஆம்பியர்தான். அதுல கொண்டாந்து 27 கிலோவாட்ட மாட்டுறது, சிட்டுக்குருவிக் கூட்டுக்குத் தேக்குல நெலவாசல் வச்ச மாதிரி. சின்னத் தெரு டிரான்ஸ்பார்மரு ஒண்ணோட மொத்தச் சுமையே 25 கேவிஏ. நீரு சோப்புப் போடுத நேரம் தெருவே இருட்டாக் கெடக்கும். அதுலயும் ஒரு ஆதாயம் உண்டு. ‘அமெரிக்கா மருமவன் குளிக்காரு’ன்னு தண்டோரா போடாமலே ஊருக்குத் தெரிஞ்சிரும்.

சரி, நம்ம ஊருக் கதைக்கு வாரேன். பாளையங்கோட்டையில கடைக்குள்ள போயி ‘டேங்க்லெஸ்’ங்காதேயும். ‘இன்ஸ்டன்ட் கீசரு’ன்னு கேளும். ஒரு லிட்டரு, மூணு லிட்டருன்னு எடுத்து வைப்பாவ. டேங்க் இல்லன்னு யாரு சொன்னா? உள்ள ஒரு சின்னத் தொட்டி இருக்கத்தான் செய்யும். அதுக்கு அடியில மூணு கிலோவாட்டோ நாலரை கிலோவாட்டோ காயிலு. நம்ம 15 டிகிரிக்கு மூணு கிலோவாட்டு மெஷினு நிமிசத்துக்கு மூணு லிட்டருக்குச் சித்தக் கம்மியாக் குடுக்கும். 18 லிட்டர் வாளி நெறைய ஆறு நிமிசம். மூணு லிட்டர் தொட்டி உள்ளதா இருந்தா, ரெண்டரை நிமிசம் முன்னாடியே சுவிச்சப் போட்டுவிடும். உள்ள இருக்கது 60 டிகிரிக்கு ஏறிக் காத்துக்கிட்டு இருக்கும். பச்சத்தண்ணி கலந்தா அதுலயே ஏழு லிட்டரு எதமான வெந்நி. பெறகு மிச்ச வாளி நெறைய நாலு நிமிசம். அந்த நாலு நிமிசத்துல பேப்பருல தலைப்பு வாசிக்கலாம், ஓம்ம அத்தைகிட்ட ஏச்சும் வாங்கலாம். நான் ரெண்டும் செஞ்சுருவேன்.

‘ஷவருதான் வேணும், வாளி வேண்டாம்’னு மொகத்தச் சுளிக்கீரு. சுளியும். நிமிசத்துக்கு 8 லிட்டர் ஷவருக்கு நம்ம ஊரு மார்கழியிலயும் 8,400 வாட்டு வேணும். மூணு கிலோவாட்டுல ஷவரத் தொறந்தா அஞ்சு டிகிரிதான் ஏறும். வெந்நியும் இல்லாம பச்சத்தண்ணியும் இல்லாம ஒரு தண்ணி வரும் பாரும், அதுல குளிச்சா குளிச்ச மாதிரியே இருக்காது. ஷவருல நின்னே தீரணும்னா பதினஞ்சு, இருவத்தஞ்சு லிட்டர் தொட்டி கீசரு வாங்கும். 15 லிட்டர் சூடாக, ரெண்டு கிலோவாட்டுல 18, 20 நிமிசம் முன்னாடி சுவிச்சப் போடணும். பல்லு விளக்கி காப்பி குடிக்க அம்புட்டு நேரம் ஆவத்தானே செய்யும்? அதுக்குள்ள வாய்தாவுக்கு என்ன இப்படிப் பயப்படுதீரு?

இன்னொண்ணு சொல்லுதேன், இத வெளையாட்டா எடுக்காதேயும். இந்தச் சின்ன மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. தண்ணி வேகமா ஓடுனா ஆறிப்போயி வரும், பைய ஓடுனா கொதிச்சு வரும். நிமிசத்துக்கு ஒரு லிட்டரு ஒழுகவிட்டா மூணு கிலோவாட்டு அதை 43 டிகிரி ஏத்தப் பாக்கும். 25-ம் 43-ம் எம்புட்டு? உள்ள தெர்மோஸ்டாட்டு இருக்கு, நிறுத்தும். ஆனா அது நிறுத்துத சூடே தோலுக்கு ஆவாது. அந்த வீட்டுல குளிக்கப்போறது நீரு இல்ல, ஓம்ம அம்மை, என் தங்கச்சி. 70 வயசுக் கை குழாய முழுசாத் திருகாது. வாளியில மொதல்ல பச்சத்தண்ணி, அதுக்கு மேல வெந்நி, கைய விட்டுப் பாத்துட்டு மேலுக்கு ஊத்தணும்னு அவகிட்ட நீரே நின்னு சொல்லிக்குடும். போன்ல சொல்லாதேயும். போன்ல நீரு சொல்லுத எல்லாத்துக்கும் அவ ‘சரி ராசா’ம்பா.

ஓம்ம லேப்டாப்புல காட்டுனீரே, நெசமாவே தொட்டி இல்லாத மெஷினு, அதுக்கு இன்னொரு வியாதி உண்டு. ஓடுத தண்ணிய மோந்து பாத்துட்டுத்தான் அது கண்ணு முழிக்கும். நிமிசத்துக்கு ஒண்ணு, ஒண்ணரை லிட்டராவது ஓடணும், ஓட்டத்துல வேகமும் வேணும். சிகாகோவுல குழாயிலயே வேகம் வருது. நமக்கு வேகம் குடுக்கது மொட்டைமாடி சின்டெக்ஸு. தண்ணி பத்து மீட்டர் உசரத்துல நின்னாத்தான் ஒரு பார் அழுத்தம். ஓம்ம தொட்டி அடிக்கும் ஷவருத் தலைக்கும் நடுவுல என்ன இருக்கு, அஞ்சடி, ஆறடி? அது ஒரு பாருல ஆறுல ஒரு பங்குகூடத் தேறுமோ என்னமோ. மெஷினு தூங்கும், நீரு சோப்போட நிப்பீரு. அழுத்தத்துக்கு ஒரு மோட்டரு, மோட்டருக்கு ஒரு ஸ்டெபிலைசரு, அதுக்கு ஒரு ரிப்பேருக்காரன்னு கடைசியில வெந்நிக்கு ஒரு குடும்பமே சேந்துரும்.

தண்ணி விசயத்துக்கு வாரேன். தாமிரபரணியும் சித்தாறும் வந்து கூடுத ஊரு இது. முக்கூடற்பள்ளு பாடுன எடம். இங்கருந்து குழாப் போட்டு கோவில்பட்டிக்காரன் குடிக்கக் கொண்டு போறான். நீரு ஆத்தங்கரையில வீட்டக் கட்டிட்டு போரு போட்டிருக்கீரு. கேட்டா ‘சொந்தத் தண்ணி மாமா’ங்கீரு. இருக்கட்டும். ஆத்துத் தண்ணி மென்மையான தண்ணி, கீசருக்குப் பகையில்ல. போர்த் தண்ணியில சுண்ணாம்புச் சத்து கரைஞ்சு கெடக்கும், சூடு பட்டதும் பிரிஞ்சு காயிலு மேல தோடு கட்டும். தோடு கட்டுன காயிலு தன் சூட்டத் தண்ணிக்குக் குடுக்கமாட்டாம தானே வெந்து சாவும். சின்னத் தொட்டியில பெரிய காயிலு இருக்கதால இன்ஸ்டன்டுக்கு இந்தச் சாவு வெரசாவே வரும். பஞ்சாயத்துக் குழாத் தண்ணியத் தொட்டியில ஏத்தி கீசருக்கு விடும். இல்ல, போருதான்னா வருசத்துக்கு ஒருக்காத் தொறந்து தோட எடுக்கச் சொல்லும். வெந்நி வார பைப்பு சிபிவிசியா இருக்கணும். சாதா பிவிசி சூட்டுல நெளிஞ்சிரும்வே. பிளம்பரு ‘ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி’ம்பான். ரெண்டும் ஒண்ணுன்னா வெல மட்டும் ஏன்டே ரெண்டுன்னு கேளும்.

‘இன்ஸ்டன்டுல கரண்ட் மிச்சம்’னு கடைக்காரத் தம்பி சொன்னானாக்கும்? பாதி நெசம். 20 லிட்டர் தண்ணிய 15 டிகிரி ஏத்த 0.35 யூனிட்டு. எந்த மெஷினுல ஏத்துனாலும் கூலி அதேதான். தொட்டி கீசர நாள் முழுக்கப் போட்டு வச்சா சும்மா இருந்தே சூடு எறங்கும், திரும்பத் திரும்ப ஏத்தும், நட்டம் அங்கதான். குளிச்சதும் சுவிச்ச அணைக்கத் தெரிஞ்சவனுக்கு ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் கெடையாது. நாலு பேரு, ஆளுக்கு 20 லிட்டரு, 60 நாளு. கூட்டிப் பாத்தா 84 யூனிட்டு. ரெண்டு மாசத்துக்கு கவுருமென்டு சும்மாக் குடுக்க யூனிட்டுல 84 அங்கணக்குழி வழியாப் போயிருச்சு. மிச்சத்துல பேனப் போட்டுக்கிட்டு ஒக்காந்திரும்.

அந்தக் கரண்டு எங்கருந்து வருதுன்னு யோசிச்சீரா? நம்ம ஜில்லாவுல கூடங்குளத்துல 1000 மெகாவாட்டுல ரெண்டு உலை ஓடுது. உள்ள என்ன செய்தாவ? அணுவப் பிளந்து வெந்நி வைக்காவ. அந்தச் சூட்டுல ஆவி, ஆவியில டர்பைனு, டர்பைனுல கரண்டு. ஒரு உலையில எழும்புத சூடு 3000 மெகாவாட்டு, கரண்டா வெளிய வாரது 1000. மூணுல ரெண்டு பங்கு சூடு கடலுக்குப் போவுது. மிச்சம் ஒரு பங்கு கம்பி வழியா ஊரூராச் சுத்தி ஓம்ம பாத்ரூமுக்கு வந்து, மறுபடியும் வெந்நி வைக்குது. வெந்நியக் கரண்டாக்கி, கரண்ட வெந்நியாக்கி, இடையில கடலுக்கும் ரெண்டு பங்கு ஊத்துத இந்தச் சம்பிரதாயத்துக்குப் பேருதான் முன்னேத்தம். இதே நேரம் ஓம்ம மொட்டைமாடித் தொட்டியில சித்திரை மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்குக் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டுக்கு மீட்டரு ஓடாது. மாடியில எடம் கெடக்கு, சோலார் வாட்டர் ஹீட்டரு வையும்னு சொல்லலாம். நீரு கேட்டது கரண்ட் மெஷினு, நான் எதுக்கு ஊடால பேசணும்?

வாங்குதது வாங்கும். பெட்டியில ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 8978-ன்னு நம்பரும் இருக்கான்னு பாரும், அது இன்ஸ்டன்ட் கீசருக்கு உள்ள நம்பரு. ஸ்டாரு எத்தனைன்னு தேடாதேயும், ஸ்டாரு தொட்டி கீசருக்குத்தான். மூணு கிலோவாட்டு 13 ஆம்பியர் இழுக்கும். 2.5 ஸ்கொயர் செம்பு வயரு, தனியா ஒரு லைனு, 16 ஆம்பியர் பிளக்கு. நாலரை கிலோவாட்டுன்னா 20 ஆம்பியருக்குப் பக்கம். பிளக்குல சொருகுத வேலையே ஆவாது, 4 ஸ்கொயர் வயரு இழுத்து அதுக்குன்னே ஒரு எம்சிபி வச்சு நேரா இணைக்கணும். ஈபி ஆபீசுல எம்புட்டு லோடுக்கு எழுதிக் குடுத்திருக்கீருங்கதையும் ஒருக்காப் பாத்துக்கிடும். இது போவ, 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு. கரண்டு தப்புன எடத்துல கசிஞ்சா, கண்ணு இமைக்க முன்ன லைன வெட்டி விட்டுரும். மாசத்துக்கு ஒருக்கா அதுல இருக்க டெஸ்ட் பட்டன அமுக்கிப் பாக்கணும். டைல்ஸுக்கு எம்புட்டுக் குடுத்தீரு? இத்தாலிக் கல்லுன்னீரு. எர்த்துக்கு எம்புட்டு? ‘அது கரண்டுக்காரன் பாத்துக்கிடுவான்’னீரு. கல்லு வழுக்கி விழுந்தவன் எந்திச்சு வருவான் மருமவனே. எர்த்து இல்லாதவன் எந்திக்கமாட்டான். வாளிக்குள்ள ஹீட்டர் கம்பியத் தொங்கவிட்டுட்டு, சூடு பாக்க விரல விட்டுச் செத்தவன் கதைய வருசா வருசம் பேப்பருல பாக்கோம். எம்புட்டு வெல குடுத்த மெஷினா இருந்தாலும் எர்த்து இல்லன்னா அதுவும் அந்தக் கம்பிக்கு ஒண்ணுவிட்ட தம்பிதான்.

அப்புறம், பொறவாசல்ல இருக்க வெந்நி அடுப்ப இடிச்சுப்போட்டு அங்கன கார் நிப்பாட்டப் போறதாக் கேள்விப்பட்டேன். 2023 டிசம்பரு 17, 18 மறந்துபோச்சா? காயல்பட்டினத்துல ஒரே நாளுல 95 சென்டிமீட்டர் மழை, ஆறு கரையத் தாண்டி ஊருக்குள்ள வந்துச்சு. அன்னைக்குக் கரண்டு எங்க இருந்துச்சு? பனமட்டைக்கும் தேங்காச் சவுரிக்கும் வோல்ட்டேஜு கெடையாது. காரு நனைஞ்சா காயும், அடுப்ப விட்டுவையும்.

கடைசியா ஒண்ணு. மெஷின மாட்டி முடிச்சதும் பால் காய்ச்சுத மாதிரி மொதக் குளியலுக்கு என்னியக் கூப்பிடலாம்னு இருப்பீரு. மருவாதைக்கு நன்றி, நான் வரல. மொதக் குளியல எர்த்துப் போட்ட எலக்ட்ரீசியனுக்கு விட்டுக்குடும். புதுத் துவர்த்து, சந்தன சோப்பு எல்லாம் தாம்பாளத்துல வச்சு, ‘நீங்கதான் அண்ணாச்சி மொதல்ல குளிக்கணும்’னு நீட்டும். மறுபேச்சு இல்லாமச் சட்டையக் கழட்டுனாம்னா எர்த்து சரியா இருக்கு, கூலியோட அம்பது ரூவா சேத்துக் குடும். ‘செத்தப் பொறுங்க சார், ஒரே ஒரு எடம் பாத்துட்டு வந்துருதேன்’னு டெஸ்டரத் தேடுனாம்னா, கூலிய மடியில முடிஞ்சுக்கிட்டு பாத்ரூம் கதவ வெளிய பூட்டும்.