துரை முன்னால சைக்கிள்

ஏண்டா தம்பி, "அமைதியே ஆயுதம்"னு வாட்ஸ்அப்ல போட்டிருக்கியே, யாருக்குச் சொன்ன? அடிக்கிறவனுக்கா, அடி வாங்குறவனுக்கா? அடிக்கிறவன் உன் ஸ்டேட்டஸைப் பாக்கவே மாட்டான். சுங்கை பஞ்சாங்ல இருந்து கோலாலம்பூர் வரைக்கும் பெட்ரோலைக் கொளுத்திக்கிட்டு சமாதானப் பயிலரங்குக்கு வேற போனியாம். கண்ணை மூடி மூச்சு விடச் சொன்னாங்களாம். மூச்சு விடக் கட்டணமா? நல்ல பொழப்புடா.

அந்தக் காலத்து ரப்பர் தோட்டத்துலயும் அமைதி இருந்துச்சு, தெரியுமா? வெள்ளைக்காரத் துரை வந்தா சைக்கிள்ல போற தொழிலாளி இறங்கணும். கணக்கு எழுதுற கிராணி வந்தாலும் இறங்கணும். சைக்கிள் இவன் காசுல வாங்குனது. இருந்தாலும் ஓரமா நின்னு, தலைத்துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, துரையோட கார் கிளப்புற புழுதியைத் தின்னுட்டுத்தான் மறுபடி ஏறணும். ஒரு சத்தம் இல்ல. கோழியைக் கவுத்து மூடுன கூடையும் அமைதியாத்தான்டா இருக்கும்.

1941ல கிள்ளான் பக்கம் ஆர்.எச். நாதன்னு ஒருத்தர், சங்கத்தோட நின்னு கேட்டார். அப்ப ஆம்பளைக்கு நாள் கூலி 50 காசு. அதே வேலைக்குச் சீனனுக்குக் கூடுதல். சமக் கூலி குடு, கள்ளுக்கடையை மூடு, எங்க பொம்பளைங்க மேல கை வைக்காத, பிள்ளைங்களுக்கு ஒழுங்கா படிப்பு குடு, துரை முன்னால சைக்கிள் ஓட்ட விடு. இதுல எதுடா கலகம்? மே மாசம் நாதனைப் பிடிச்சு நாடு கடத்துனாங்க. தோட்டம் தோட்டமா வேலைநிறுத்தம். பட்டாளம் வந்து சுட்டுச்சு. அஞ்சு பேர் செத்தாங்க.

அதே வருஷம் சீமையில என்ன பேச்சு? ஹிட்லர் கொடுங்கோலன், பணிஞ்சு போனா அமைதி வராது, எதிர்த்து நிக்கணும். நியாயமான பேச்சுதான், யாரு இல்லேன்னா? அந்தச் சண்டைக்கு ரப்பர் போனது நம்ம தோட்டத்துல இருந்து. பால் வெட்டுனவனும் அதே பாடத்தைப் படிச்சா மட்டும் குத்தம்!

"அப்ப கத்தியைத் தூக்கச் சொல்றீங்களா தாத்தா?"ன்னு முழிக்காத. வேலைநிறுத்தம் செஞ்சவங்க கத்தியைக் கீழதான் வெச்சாங்க, பால் வெட்டுற கத்தியை. அதுக்கே பட்டாளம் வந்துச்சுன்னா, எது பலம்னு வெள்ளைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. பயிலரங்கு நடத்துறவங்களுக்குத்தான் தெரியல.

அதே வருஷம் டிசம்பர்ல ஜப்பான்காரன் கோத்தா பாருவுல இறங்குனான். அவன் படையில நிறைய பேர் சைக்கிள்லதான் வந்தாங்கடா! ஜனவரியில கோலாலம்பூர் அவன் கையில. "இறங்குடா"ன்னு சொல்ல ஒரு துரையைக் காணோம், எல்லாம் தெக்கே ஓட்டம். சிரிக்காத, நமக்கும் சிரிப்பு நிலைக்கல. சயாம் ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆளுங்களை ஆயிரக்கணக்குல வாரிக்கிட்டுப் போனான். ஏன்னு கேக்க நாதி இல்ல. கேக்கத் தெரிஞ்சவனைத்தான் வெள்ளைக்காரன் முன்னமே கப்பலேத்திட்டானே.